எம்.ஜி.யை விற்றுவிட்டேன், அடுத்து எந்த வண்டி?

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் உள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து வந்திருக்கும் கடிதம் இது. எழுதியவர் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 61. 1994இல் கோயம்புத்தூரில் ஒரு குடும்பத்திடமிருந்து 1958 மாடல் எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்திருக்கிறார். மனைவிக்கு மூட்டுவலி, அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வருஷா வருஷம் துருவுக்குச் செலவு வேறு. போன பங்குனியில் பெங்களூரில் உள்ள ஒரு பழைய கார் சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டார். விற்ற பணத்தில் 15 லட்சத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, "ஓட்டினால் சிரிப்பு வரணும், அப்படி ஒரு வண்டி சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

அவர் கையில் நான்கு யோசனைகள் இருக்கின்றன. கொழும்பு நண்பர் ஒருவரிடம் உள்ள 1996 மாடல் மாஸ்டா எம்.எக்ஸ்-5ஐக் கப்பலில் கொண்டுவருவது. ஒரு பழைய மாருதி ஜிப்ஸியை வாங்கிக் கூரையைக் கழற்றி 'ஓப்பன்' ஆக்குவது. புதுச்சேரி நம்பரில் 14 லட்சத்துக்கு வரும் 2011 மாடல் பி.எம்.டபிள்யூ. இசட்-4. இல்லையென்றால் புதிதாக ஒரு டர்போ ஹேட்ச்பேக். மகன் சொல்வது ஐந்தாவது யோசனை: "இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம், பேசாம ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. எடுங்க." கடிதத்தின் கடைசியில், பேச்சுவாக்கில் வருவதுபோல ஒரு வரி: "பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 எல்லாம் கையெழுத்துப் போட்டு ஆர்.சி. புக்கோடு கொடுத்துவிட்டேன், என்.ஓ.சி. அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். இன்சூரன்ஸ் மே மாதம் முடிந்தது, வண்டிதான் போய்விட்டதே என்று புதுப்பிக்கவில்லை."

ஐயா, உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கடைசி வரிதான். எந்த வண்டி என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் பழைய வண்டியின் கணக்கை முடித்தாக வேண்டும்.

அந்த எம்.ஜி. இன்னும் உங்களுடையது

வண்டி பெங்களூரில் இருக்கலாம், பணம் உங்கள் பேங்க்கில் இருக்கலாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். கைமாறிக் கைமாறிப் போன வண்டி விபத்தில் சிக்கினால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் சொன்ன பதில் இது. விற்றதற்கு ரசீது இருக்கிறது, ஃபார்மில் கையெழுத்து இருக்கிறது என்பதெல்லாம் விபத்து தீர்ப்பாயத்தில் உங்களைக் காப்பாற்றாது.

இப்போது உங்கள் நிலைமையைப் பாருங்கள். பெயர் உங்களுடையது, பாலிசி காலாவதி. பெங்களூரில் அந்த வண்டியை ஒரு டிரைவர் பெட்ரோல் பங்க்குக்கு எடுத்துப்போகும் வழியில் யார் மீதாவது மோதினால், இழப்பீட்டைக் கட்ட கம்பெனி கிடையாது. உங்கள் பெயருக்குத்தான் நோட்டீஸ் வரும். அந்தப் பணத்தை வாங்கியவரிடமிருந்து திரும்ப வசூலிக்க நீங்கள் தனியாக வழக்குப் போடலாம், ஆனால் முதலில் கட்டவேண்டியது நீங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் தகவல் தர வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்றால், 45 நாளுக்குள் தடையில்லாச் சான்றுக்கான (என்.ஓ.சி.) வேலையும் விற்றவர் தலையில்தான். வாங்கியவருக்கு 30 நாள். ஆக, 'என்.ஓ.சி.யை அவர் பார்த்துக்கொள்வார்' என்பது சட்டப்படி பாதி உண்மை கூட இல்லை. அந்தச் சான்றுக்கான விண்ணப்பம் ஃபார்ம் 28, அதில் கையெழுத்துப் போடவேண்டியது நீங்கள். அதில் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரின்ட் கேட்பார்கள். வண்டி அவரிடம் இருப்பதால் அதை எடுத்து அனுப்ப வேண்டியது அவர்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: பெங்களூர்க்காரருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம், பெயர் மாற்றத்துக்கு 15 நாள் கெடுவோடு. வாட்ஸ்அப்பில் நட்பாகக் கேட்டதெல்லாம் போதாது. ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபார்ம் 29 நகல், விற்பனை ரசீது, பேங்க் வரவு இவற்றோடு எழுத்தில் தகவல் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். இது உங்களை முழுவதுமாக விடுவிக்காது, ஆனால் நாளை வாங்கியவர் மேல் போகும்போது இதுதான் ஆயுதம். மூன்றாவது, பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விற்ற விவரத்தை மறைக்காமல் சொல்லி, பெயர் மாறும் வரைக்குமாவது மூன்றாம் நபர் பாலிசி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். விற்ற வண்டிக்கு எதற்குச் செலவு என்று தோன்றும். சில ஆயிரம் ரூபாய்தான், தயங்காதீர்கள்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. இத்தனை வருஷம் கிளெய்ம் வாங்காததால் கிடைத்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் (என்.சி.பி.) வண்டியோடு போய்விட்டது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது வண்டிக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்துக் கம்பெனியிடம் என்.சி.பி. கடிதம் வாங்கினால், மூன்று வருஷத்துக்குள் வாங்கும் அடுத்த காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி குறையும். மூன்றாம் நபர் பகுதியில் குறையாது. பெயர் மாற்றத்தை முடித்துவிட்டால் இந்தக் கடிதத்தைச் சிக்கலில்லாமல் வாங்கலாம்.

வரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் 'பெர்சனல் எஃபெக்ட்ஸ்' (சொந்த உடைமைகள்) என்ற வகையில் வருவதால் அதை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் 'சொந்த உபயோகம்' என்பதை வருமான வரித்துறை கேள்வி கேட்கலாம். ஷெட்டில் மூடி வைத்த காட்சிப் பொருள் அல்ல, ஓட்டிய வண்டி என்று காட்டப் பழைய இன்சூரன்ஸ், மெக்கானிக் பில், பயணப் போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு உங்கள் ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

எதைத் தேடுகிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் எம்.ஜி.யைப் பற்றி மட்டுமே. எங்கேயும் அது எவ்வளவு வேகம் போகும் என்று ஒரு வார்த்தை இல்லை. வெளியே கைப்பிடி இல்லாத கதவு, உள்ளே கைவிட்டு ஒரு கயிற்றை இழுத்துத் திறப்பது. கண்ணாடி ஏற்றி இறக்க வழியில்லாததால் மழை வந்தால் படுதாவை மாட்டி ஓடியது. பிளைவுட் பலகையால் ஆன தரை. ராமநாதபுரத்து மெக்கானிக் ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களின் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடித்து, இரைச்சல் ஒன்றாகும் வரை திருகியது. அம்பாசடர் பாகங்களை வைத்தே பாதி வண்டியை ஓட்டினார் அவர் என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஆச்சரியமில்லை: எம்.ஜி.ஏ.வின் 1489 சி.சி. இன்ஜினும் நம்ம அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ஒரே 'பி' வரிசைக் குடும்பம்.

அந்த இன்ஜினின் சக்தி 70 குதிரைத்திறனை ஒட்டித்தான். இன்றைக்கு மகள் கல்யாணத்துக்குக் கொடுக்கிற ஸ்விஃப்ட் அதைவிட வேகமாகப் போகும். ஆகவே உங்களுக்குப் பிடித்தது குதிரைத்திறன் இல்லை, ஐயா. லேசான வண்டி, கையால் போடும் கியர், முகத்தில் அடிக்கும் காற்று, உங்கள் மெக்கானிக்கின் கைக்கு அடங்கும் இயந்திரம் ஆகிய நாலும்தான். 15 லட்சத்தில் இந்த நாலும் ஒரே வண்டியில் கிடைக்காது. எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்: எம்.ஜி.யைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று போனால், எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் ஆறு மாதத்தில் அதில் குறை கண்டுபிடிப்பீர்கள்.

உங்கள் நான்கு யோசனைகள்

கொழும்பு மாஸ்டா. நல்ல வண்டி, இந்தியாவில் மாஸ்டா கம்பெனி அதை விற்றதே இல்லை. வலப்பக்க ஸ்டியரிங் என்பதால் வரலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். வலப்பக்க ஸ்டியரிங் ஒரு நிபந்தனை மட்டுமே. பழைய காரை இறக்குமதி செய்ய அது 3 வருஷத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், அதற்கு மேல் சுங்க வரி. 1996 மாடலுக்கு முதல் படியிலேயே கதவு மூடிவிடுகிறது. யாராவது 'கார்னெட்டில் கொண்டுவந்துவிடலாம்' என்றால், அது சுற்றுலாக்காரர்கள் தற்காலிகமாகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போக வேண்டிய ஏற்பாடு. அப்படி வந்த வண்டியை இங்கேயே வைத்துக்கொண்டால் சுங்கத்துறை பறிமுதல் செய்யும். தனுஷ்கோடியில் நின்றால் இலங்கை பக்கம்தான், இந்த விஷயத்தில் மட்டும் ரொம்ப தூரம்.

ஜிப்ஸி. ஆர்.சி.யில் 'சாஃப்ட் டாப்' (துணிக் கூரை) என்றே பதிவான ஜிப்ஸி கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். உங்களுக்குச் சொல்லியிருப்பது ஹார்டு டாப்பை வெட்டி, பெரிய டயர் போட்டு, பம்பர் மாற்றித் தருகிறேன் என்பது. கம்பெனியின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. அபராதத்தைக் கூட விடுங்கள், விபத்து நடந்தால் கூரை வெட்டிய வண்டிக்குக் கிளெய்ம் கொடுக்க எந்த கம்பெனியும் சண்டை போடாமல் இருக்காது.

இசட்-4. கூரை பொத்தானை அழுத்தினால் மடிந்து டிக்கிக்குள் போகும், பார்க்க அழகுதான். 2011 வண்டி என்றால் கூரையின் ஹைட்ராலிக் மோட்டாருக்கும் பதினான்கு பதினைந்து வயசு. கடற்கரையில் அது பாதியில் நின்றால் உங்கள் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. புதுச்சேரி நம்பர் இன்னொரு தலைவலி. வெளி மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும். 14 லட்சம் என்ற விலைக்குள் அது இல்லை. என் கருத்து, வேண்டாம்.

இடையில் கேட்ட இன்னொன்று: இன்னொரு பழைய காரையே வாங்கி 'வின்டேஜ்' பதிவு செய்துகொள்ளலாமா? 2021இல் வந்த விதிப்படி 50 வருஷத்துக்கு மேற்பட்ட, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' வரிசை நம்பர் உண்டு, கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த நம்பரில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல், பழுது பார்ப்பு போன்றவற்றுக்கு மட்டும். அரிச்சல்முனை வரை போய் டீ குடித்துவிட்டு வருவது அந்தப் பட்டியலில் இல்லை.

இனி ஹேட்ச்பேக். இதுதான் என் தேர்வும். ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 பி.எஸ். டர்போ இன்ஜினோடு வருகிறது, 2023 முகமாற்றத்துக்குப் பிறகு ஆறு கியர் மேனுவலும் உண்டு. அதற்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் என் லைன் பார்த்தால் கவனம்: அதில் ஐ.எம்.டி. என்ற கிளட்ச் மிதி இல்லாத கியர். உங்களுக்கு அது ஒரு வாரத்தில் அலுத்துவிடும். 2024இல் வந்த டாடா அல்ட்ராஸ் ரேசரையும், 2022இல் உற்பத்தி நின்ற ஃபோக்ஸ்வாகன் போலோ டி.எஸ்.ஐ. மேனுவலையும் செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். போலோவின் ஸ்டியரிங் உங்களுக்குப் பிடிக்கும் என்று என் உள்ளுணர்வு சொல்கிறது. ஃபியட் அபார்த் புன்டோ 145 குதிரைத்திறன், ஆசை காட்டும். பாகத்துக்கு அலைய உங்களுக்குத் தெம்பு இருந்தால் மட்டும்.

புது வண்டி என்றால் ஒரு கணக்கு. 2025 செப்டம்பரிலிருந்து நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸோ 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 18. விலை 10 லட்சத்தை ஒட்டி நின்றால், ஒரு படி கீழான வேரியன்ட் எடுத்தாலே பெரிய தொகை மிஞ்சும்.

காற்று வேண்டுமே என்பீர்கள். சன்ரூஃபில் அது கிடைக்காது, வெயில்தான் கிடைக்கும். நிஜமாகவே திறந்த வண்டிதான் வேண்டுமென்றால் கம்பெனியே சாஃப்ட் டாப்போடு விற்ற மஹிந்திரா தார் செகண்ட் ஹேண்டில் வருகிறது. 2020க்குப் பிந்தையதைப் பாருங்கள். வளைவில் எம்.ஜி. மாதிரி ஒட்டிக்கொண்டு போகாது, உயரம். ஆனால் தேவிபட்டினம் பக்கம் ஈ.சி.ஆரில் சாயங்காலம் ஓட்டினால் உங்களுக்குப் பிடிக்கும்.

கடலோரத்தில் செகண்ட் ஹேண்ட்

உலோக அரிப்பை ஆராயக் காரைக்குடியில் உள்ள சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது, அப்படிப்பட்ட காற்று நம்முடையது. ஆகவே கடலோரத்திலேயே வாழ்ந்த வண்டியைத் தவிர்த்து, மதுரை, திண்டுக்கல், கோவைப் பக்கம் தேடுங்கள். கப்பல் இன்ஜினியரான உங்களுக்குத் துருவைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லிஃப்டில் ஏற்றி பிரேக் குழாய்கள், சப்ஃபிரேம் மூலைகள், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் இவற்றைப் பாருங்கள். புதிதாக அண்டர்கோட்டிங் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், எதையோ மூடியிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் மூழ்கிய வண்டிகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். உள் நுனியில் சேற்றுக்கறை இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். கிளெய்ம் வரலாறு, நிலுவை இ-சலான், ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு (ஹெச்.பி.) கேன்சல் ஆகியிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனியின் ஃபார்ம் 35 இல்லாமல் 'லோன் முடிஞ்சிருச்சு சார்' என்ற பேச்சை நம்பாதீர்கள்.

தனியாளிடம் வாங்குவதா, டீலரிடமா? தனியாளிடம் விலை குறைவு. ஆனால் தகராறு வந்தால் சிவில் கோர்ட்தான். டீலரிடம் பில்லோடு வாங்கினால் நீங்கள் நுகர்வோர். டீலர் சென்னையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். பில் இல்லாமல் 'பாதி ரொக்கம்' கேட்கும் டீலர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். 2 லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அவரைத் தடை செய்கிறது, பிறகு அவர் ரசீதில் குறைத்து எழுதும் தொகை தகராறு வந்தால் உங்களுக்குத்தான் உதவாது.

எடுத்தவுடன் வாங்காமல் ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து உள்ள செல்ஃப் டிரைவ் வண்டியாக இருக்கட்டும். தெரிந்தவர் ஓன் போர்டு வண்டியை வாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம், விபத்தானால் கம்பெனி கைவிரித்துவிடும். பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது, ராமேஸ்வரம் தாண்டித் தார்ச் சாலையில் மணல் படிந்த இடத்தில், உச்சிப்புளிக்கு முன்னால் லாரிகளுக்குப் பின்னால் என மூன்று இடத்திலும் ஓட்டினால் போதும், வண்டி உங்களுக்கானதா என்று தெரிந்துவிடும்.

மகன் விஷயம். அவர் சொல்லும் ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி. தப்பான யோசனை இல்லை, உங்கள் ஆசைக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் மனைவி சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பதை நான் அதிகம் மதிக்கிறேன்: "எனக்கு ஏறி இறங்க முடியணும், மத்தது உங்க இஷ்டம்." எம்.ஜி. தரையோடு தரையாக இருந்தது, தாரில் கால் தூக்கி ஏற வேண்டும். ஹேட்ச்பேக்கின் சீட் இந்த இரண்டுக்கும் நடுவான உயரம். ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு அவரையும் கூட்டிப்போய், ஷோரூம்காரர் கதவைப் பிடிக்காமல், அவராகவே ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அவர் சிரமப்பட்டால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும்.

பெங்களூருக்குப் போகும் கடிதத்தின் வாசகம் தேவைப்பட்டால் எழுதுங்கள், அனுப்பித் தருகிறேன். அட்வான்ஸ் கொடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.